வெர்லின் ஸ்டக்கியின் பதினான்காம் பக்கம்

“சரி, இதுல பெட்ரோல் எங்க ஊத்துவீங்க? சொல்லுங்க பாப்போம்.”

சனிக்கிழமை காலை ஏழு மணி. டோனட் கடை வாசல் திடலில் வாராவாரம் பழைய கார்கள் கூடும் நேரம். டோனட் வாங்க வந்த ஒரு மனிதரைப் பிடித்து, ஐம்பத்தாறாம் வருடத்துச் செவ்ரோலே ஒன்றின் பின்னால் நிறுத்திவைத்திருக்கிறார் வெர்லின் ஸ்டக்கி. குட் மார்னிங் கிடையாது, கைகுலுக்கல் கிடையாது. அந்த மனிதர் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நம்பர் பலகையை இழுத்துப் பார்த்தார். மூடி எங்கும் இல்லை. “தெரியலீங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் ஸ்டக்கி முன்னால் வந்து, இடது பின்விளக்கை ஒரு திருகு திருகினார். விளக்கு அப்படியே கதவு மாதிரி திறந்துகொண்டது. உள்ளே பெட்ரோல் மூடி. மனிதர் வாயைப் பிளந்தார். ஸ்டக்கி கையை நீட்டினார். பந்தயத்தில் தோற்றவர் தன் கையிலிருக்கும் டோனட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். இருபது வருடமாக இப்படி வாங்கித் தின்ற டோனட்டுகள்தான் அவருடைய தொந்தி என்று அவர் மனைவி லோர்னா எல்லாரிடமும் சொல்வாள்.

வயது அறுபத்தாறு. தொழில், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது. முழங்காலில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் பட்டை கட்டியிருப்பார். கழுத்தில் சாவிக் கயிறு. அதில் சாவியோடு பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றும் தொங்கும். மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்க்க வாங்கியது. இப்போது பாதி நேரம் அது கார்களுக்கு அடியில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் ஹாலோவெல்லில் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் இருக்கும் இடம் நிலவறை. அதற்குப் போகும் வழி கார் கொட்டகை. கொட்டகையில் தார்ப்பாய் மூடி ஏதாவது நின்றால் ஸ்டக்கிக்குக் கால் நகராது. “சோப்புத் தண்ணி வீடெல்லாம் ஓடுது, இந்தாளு தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டு நிக்கிறாரு” என்று அவரைத் திட்டாத குடும்பத் தலைவி இந்த வட்டாரத்தில் இல்லை. திட்டிவிட்டு மறுபடி அவரையேதான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும்.

அவர் தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், இதெல்லாம் இருக்கிறது. அறுபதுகளின் கிரைஸ்லர் கார்களில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்ப்பக்கம் திரும்பும். தெரியாதவர்கள் கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போவார்கள். ஐம்பத்தைந்தில் பெண்களுக்கென்றே டாட்ஜ் ஒரு இளஞ்சிவப்புக் கார் விட்டது. கூடவே அதே நிறத்தில் கைப்பை, குடை, உதட்டுச்சாய டப்பா. ஐம்பத்தாறில் கிரைஸ்லரில் இசைத்தட்டு போடும் பெட்டியே உண்டு. அந்தக் காலத்து வைப்பர்கள் பல மேட்டில் ஏறும்போது படுத்துவிடும், இறக்கத்தில் பேய் பிடித்த மாதிரி ஆடும். நாஷ் காரின் சீட்டை மடக்கினால் கட்டில். இதில் ஒன்றைக்கூட அவர் காகிதம் பார்த்துச் சொல்ல மாட்டார். தெரியாது என்றும் சொல்ல மாட்டார். “தொண்டையில நிக்குது, மத்தியானம் ஃபோன் பண்றேன்” என்பார். பண்ணுவார்.

இவ்வளவு தெரிந்த மனிதரிடம் சொந்தமாக ஒரு பழைய கார் கிடையாது. ஓட்டுவது வெள்ளை வேன். பின்னால் குழாய்களும் பெல்ட்டுகளும். ஏன் ஸ்டக்கி, ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டால், “ஒண்ண வாங்கிட்டா அப்புறம் அந்த ஒண்ணப் பத்தித்தான்யா பேசணும். இப்ப எல்லாம் என்னுதுதான்” என்பார். லோர்னா இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், “அதோட கொட்டகை என்னுது” என்று சேர்த்துக்கொள்வாள்.

மற்ற கார்களைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் எங்கோ படித்தது, யாரோ சொல்லக் கேட்டது. தானாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். அது டோல்மனைப் பற்றியது.

டோல்மன் இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே செத்த கார். அறுபத்து மூன்றில் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். ஆனால் இருக்கிற கொஞ்ச நஞ்ச டோல்மன்களை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொருட்காட்சித் திடலில் கூடுவார்கள். கூடி, யாருடைய கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருக்கிறது என்று மார்க் போட்டுக் கோப்பை கொடுப்பார்கள். அழகுக்கு மார்க் இல்லை. தொழிற்சாலையில் பெயிண்ட் வழிந்திருந்தால் இன்றைக்கும் வழிந்திருக்க வேண்டும். அன்றைக்கு அங்கே சோதனை செய்தவர் சாக்பீஸில் ஒரு கோடு போட்டிருந்தால் அந்தக் கோடும் இருக்க வேண்டும். ஆறு மாதம் பாடுபட்டுக் கண்ணாடி போலத் தேய்த்துக் கொண்டுவந்தவர் அழாத குறையாகத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் ஸ்டக்கி, யாரும் கை வைக்காத அறுபத்தொன்றாம் வருடத்து டோல்மன் பிரேரி கார்கள் பதினொன்றைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஆறில், எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் தகட்டில், மஞ்சள் கிரேயானால் போட்ட ஒரு சின்னக் குறி இருந்தது. முன்னால் மூன்று கோடு, பின்னால் ஒரு கோடு. ஆறும் ஹீட்டர் குழாயை மாற்றி அமைத்த பிறகு செய்த கார்கள். ஸ்டக்கி மூன்று மாதம் யோசித்தார். பிறகு டோல்மன் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு எழுதினார்: இது ஹீட்டர் குழாய் இரண்டாம் முறை சோதிக்கப்பட்டதற்கான குறி. மீதி ஐந்து கார்களில் எஞ்சின் சூட்டில் அழிந்திருக்கும். சங்கத்தார் அசந்துபோனார்கள். மார்க் போடும் கையேட்டில் பதினான்காம் பக்கத்தை அவருக்கே கொடுத்தார்கள். அவர் கையால் வரைந்த படம், கீழே அவர் பெயர். ‘மூவிரல் குறி. இல்லாவிடில் இரண்டு மார்க் குறையும்.’ அன்றிலிருந்து பிரேரி வைத்திருப்பவர்கள் எல்லாரும் மஞ்சள் கிரேயான் வாங்கி, பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டு வருகிறார்கள்.

ஒருவரைத் தவிர. கார்ல்டன் ஹேர்ஸ்டன். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டக்கியோடு பதினெட்டு வருடம் சனிக்கிழமைக் காப்பி குடித்தவர். தன் பிரேரியைப் பன்னிரண்டு வருடம் நட்டு நட்டாகப் பிரித்துச் சேர்த்தார். பிரிக்கும்போது எடுத்த போட்டோவில் குறி இல்லை. அதனால் அவர் வரையவில்லை. போன வருடம் ஒரே ஒரு மார்க்கில் கோப்பை ஒஹாயோவிலிருந்து வந்த கண் டாக்டருக்குப் போனது. டாக்டரின் குறி அன்று காலையில்தான் வரையப்பட்டிருந்தது.

“இல்லாதத நான் எதுக்குய்யா வரையணும்? என் கார் மேல நானே பொய் எழுதறதா?” என்றார் ஹேர்ஸ்டன்.

“அழிஞ்சிருக்கும் கார்ல்டன். பதினாலாம் பக்கத்துலயே போட்டிருக்கே.”

“எழுதினது நீ. எவனோ வேலை இல்லாதவன் கிறுக்கினதுக்கு நீ அர்த்தம் எழுதி வெச்சிருக்க.”

“கிறுக்கலா? பந்தயம் கட்டுவியா?”

“டோனட்.”

“டோனட்.”

அதோடு சரி. அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஹேர்ஸ்டன் டோனட் கடைத் திடலின் அந்தக் கோடியில் காரை நிறுத்தினார். ஸ்டக்கி இந்தக் கோடியில். இடையில் முப்பது கார்கள். ஸ்டக்கி காப்பியைத் தனியாகக் குடித்தார். யார் கேட்டாலும், “அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்திய்யா” என்றார். அவருக்கு அது வலித்தது. ஆனால் குறி உண்மை என்றால் மார்க் மார்க்தான். நண்பனுக்காக வளைத்தால் அப்புறம் அவர் சொல்கிற எதை யார் நம்புவார்கள்?

இந்த வருடச் சந்திப்புக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, ஆர்டித் கோப் என்ற அம்மாள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. தண்ணீர் வெளியே போகவில்லையாம். எழுபதைத் தாண்டிய அம்மாள். கொட்டகையில் தார்ப்பாய் எதுவும் இல்லாததால் ஸ்டக்கி நேராக நிலவறைக்கு இறங்கிவிட்டார். பம்பைக் கழற்றினார். ஒரு ஹேர்பின்னும் இரண்டு சட்டைப் பொத்தானும் வந்தன. மூடிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், பாதியில் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். நாலைந்து ஜாடி மூடிகளில் மஞ்சள் கிரேயானில் அந்தக் குறி. முன்னால் மூன்று கோடு, பின்னால் ஒன்று. வளைவுகூட அதே வளைவு.

“அம்மா… இது என்ன?”

“அதா? கோழிச் சாறு தம்பி. பீச் பழத்துக்கு வட்டம் போடுவேன், கோழிச் சாறுக்குக் கோழிக்கால். இல்லேன்னா மாத்தி எடுத்துடறேன்.”

“இத… இத எங்க கத்துக்கிட்டீங்க?”

“கோழிக்கால் வரையறதுக்கு எங்க தம்பி போய்க் கத்துக்கணும்?” என்று அம்மாள் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், எங்கயாவது பாத்திருக்கியா? நான் டோல்மன்ல வேலை பாத்தப்ப தினம் வரைவேன். தினம்னா, அம்மா கோழி வெக்கிற அன்னிக்கு” என்றார்.

ஸ்டக்கி தன் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“ஹீட்டர் குழாய் மாட்டற எடத்துல இருந்தேன்,” என்று அம்மாள் ஆரம்பித்தார். “லீலண்ட் நாப்பது ஆளு தள்ளி இருந்தான். பானெட் மாட்டுவான். அப்ப எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. மிஷின் சத்தத்துல கத்தினாலும் கேக்காது, எடத்த விட்டு நகந்தா ஃபோர்மேன் கடிப்பான். அதனால, எங்க வீட்டுல கோழின்னா, கடந்து போற ஒரு கார்ல ஒரு கால் வரைஞ்சு விட்டுடுவேன். சாயங்காலம் சாப்பிட வந்துடுன்னு அர்த்தம். ஒரே ஒரு கார்லதான். கூடப் போட்டா மாட்டிப்பேன்.”

“அவர் அதப் பாத்துட்டு?”

“பாத்துட்டுத் துணியால துடைச்சுட்டு பானெட்ட மாட்டிடுவான். ஃபோர்மேன் கண்ணுல படக் கூடாதே.”

ஸ்டக்கி மறுபடி ஜாடி மூடிகளைப் பார்த்தார். “அப்ப… இன்னும் அழியாம இருக்கற குறின்னா?”

“அது நான் பாக்காம விட்டது,” என்று நிலவறைப் படியிலிருந்து ஒரு குரல் வந்தது. லீலண்ட் கோப், கையில் பாதி தின்ற சாண்ட்விச்சோடு பாதிப் படியில் நின்றிருந்தார். “அன்னிக்கு எனக்குக் கோழி போச்சு. ஆனா அப்படி நடந்ததே இல்ல. ஒண்ணு விடாம பாத்துடுவேன்.”

“ஆமாமா, பாத்துக் கிழிச்ச,” என்று அம்மாள் திரும்பினார். “என் பொறந்தநாளுக்கு வந்தியா? ரெண்டு கோழி. எங்க மாமா, சித்தி, பாதிரியார் எல்லாரும் உன்னப் பாக்கறதுக்குன்னு மேசையச் சுத்தி உக்காந்திருக்காங்க. ஒம்பது மணி வரைக்கும் வாசலப் பாத்துட்டிருந்தேன்.”

“நீ குறியே போடல ஆர்டித். அம்பது வருஷமா சொல்றேன்.”

“போட்டேன். அம்பது வருஷமா நானும் சொல்றேன்.”

ஸ்டக்கிக்கு வாய் சும்மா இருக்காது. “எந்தத் தேதிம்மா?” என்றார்.

“மே பன்னெண்டு. அறுபத்தொண்ணு.”

“வெள்ளிக்கிழமை,” என்றார் ஸ்டக்கி. கண் எங்கோ போய்விட்டது. சனிக்கிழமைகளில் கேள்வி கேட்கும்போது போகுமே, அதே இடத்துக்கு. “வெளிர்பச்சை பிரேரி, நாலு கதவு, கதவோரத் தகட்டுல செஞ்ச தேதி அடிச்சிருக்கு. மே பன்னெண்டு. டொலீடோவுல ஒரு பல் டாக்டர் வெச்சிருக்காரு. வலது பக்கம், ஹீட்டர் குழாய்க்கு ஒரு கை மேல. குறி இருக்கும்மா. நானே என் கண்ணால பாத்தேன்.”

ஆர்டித் அம்மாள் மிக மெதுவாகத் தலையைத் தூக்கிப் படியைப் பார்த்தார்.

“கேட்டியா கிழவா?”

லீலண்ட் சாண்ட்விச்சைப் பார்த்தார். “அன்னிக்கு… பக்கத்துல இருந்தவன் ஏதோ பேஸ்பால் பத்திப் பேசிட்டிருந்தான் போல.”

“போல!”

“இன்னும் அஞ்சு கார் இருக்கு,” என்று ஆரம்பித்தார் ஸ்டக்கி. “ஜூன் ஒண்ணாந்தேதி ஒரு சிவப்பு—”

“நீ வாய மூடு தம்பி,” என்றார் லீலண்ட்.

“நீ சொல்லு தம்பி, ஒண்ணு விடாம சொல்லு,” என்றார் அம்மாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஸ்டக்கி ஆறு தேதியையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அம்மாள் ஒரு ஜாடி மூடியைத் தட்டினார். கிளம்பும்போது ஒரு ஜாடி கோழிச் சாற்றை அவர் கையில் திணித்து, இருபது வருடமாக இந்த மனிதரை ஏன் கூப்பிடாமல் விட்டோம் என்று வருத்தப்பட்டார்.

வேனில் ஏறிய பிறகுதான் ஸ்டக்கிக்கு உறைத்தது. தன் ஒரே கண்டுபிடிப்பு, ஒரு பெண் பிள்ளை தன் காதலனைச் சாப்பிடக் கூப்பிட்டது. ஐந்து கார்களில் குறி சூட்டில் அழியவில்லை. அந்தப் பையன் துடைத்தான், இல்லை அன்றைக்கு வீட்டில் கோழி இல்லை. குறி இல்லாத காருக்கு ஒரு குறையும் கிடையாது. கார்ல்டன் சொன்னதுதான் சரி. சாவியைத் திருகாமல் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த ஆர்டித் அம்மாள், வண்டி கிளம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து லீலண்டைத் தள்ளிவிட அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் லோர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். லோர்னா பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்து, மூக்கைத் துடைக்கும் வரை சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

“சொல்லாம விட்டா என்னன்னு யோசிக்கிறேன்,” என்றார் ஸ்டக்கி. “அவங்க ரெண்டு பேருக்கும் சங்கமும் தெரியாது, பக்கமும் தெரியாது.”

“ம்.”

“மத்ததெல்லாம் எவனோ எழுதினது லோர்னா. இது ஒண்ணுதான் நானா கண்டுபிடிச்சது. எம்பேரு போட்டிருக்கு.”

லோர்னா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள். “போன மாசம் அந்தப் பள்ளிக்கூட டீச்சர் வீட்டுல பெல்ட்ட மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன்னு ஓடினியே, ஏன் ஓடின?”

“தப்பா மாட்டியிருந்தேன். துணி கிழிஞ்சிருக்கும்.”

“யாராவது உன்னச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்ப சாப்பிடு,” என்றாள் லோர்னா.

சனிக்கிழமை டோனட் கடை வாசலில் ஸ்டக்கி யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் வேண்டுமென்றே வந்து, நாற்பத்தொன்றாம் வருடத்துக் காடிலாக்கில் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று கேட்டார். ஸ்டக்கி, “பின்விளக்குக்குக் கீழ” என்றார், கையை நீட்டவில்லை. அவ்வளவுதான், திடல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நெஞ்சு வலியா, சர்க்கரையா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். இரண்டு முறை அவர் ஹேர்ஸ்டன் நின்ற கோடியை நோக்கி நடந்தார். இரண்டு முறையும் பாதி தூரத்தில் யாருடைய டயரையோ பார்க்கிற மாதிரிக் குனிந்துவிட்டுத் திரும்பினார். ஹேர்ஸ்டன் துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொருட்காட்சித் திடலில் இருபத்து மூன்று டோல்மன்கள் பானெட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. தேவாலயத்துப் பெண்கள் கூடாரம் போட்டுச் சர்க்கரைப் ‘பை’ என்னும் இனிப்புப் பண்டமும், தட்டை விடப் பெரிதாகப் பன்றி இறைச்சி வறுவல் வைத்த பன்னும் விற்றார்கள். மார்க் தாள்களை எடுத்துக்கொண்டு நடுவர்கள் கிளம்புகிற நேரத்தில் வெள்ளை வேன் வந்து நின்றது. ஸ்டக்கி இறங்கினார். பின்னாலேயே ஆர்டித் அம்மாள், தேவாலயத்துக்குப் போகும் நீல உடுப்பில். அதற்குப் பின்னால் லீலண்ட்.

ஸ்டக்கி நேராகப் போய்த் தலைவர் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார். இருபது வருடமாக அவர் கையில் ஒலிபெருக்கி வந்தாலே ஜனங்கள் உட்கார இடம் தேடுவார்கள். இந்த முறை அவர் பேச ஆரம்பிக்கவே நேரம் பிடித்தது.

“பதினாலாம் பக்கம் தப்பு,” என்றார்.

திடலில் பன் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். வெர்லின் ஸ்டக்கி வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

“முழுசா தப்பு. அது ஆய்வுக் குறி இல்ல. கோழிக்கால். போட்டவங்க இவங்க. துடைச்சவர் அவர். குறி இல்லைன்னா அந்தக் கார்ல ஒரு குறையும் இல்ல. இத்தனை வருஷமா நான் உங்க எல்லாரையும் வரைய வெச்சேன். வரையாத ஒருத்தருக்கு ரெண்டு மார்க் குறைச்சேன். போன வருஷக் கோப்பை அதனாலதான் போச்சு. அதுக்கு நான் என்ன சொல்றதுன்னு…” அவர் ஹேர்ஸ்டன் நின்ற பக்கம் திரும்பினார். “தெரியல,” என்றார். அதையும் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒலிபெருக்கியை ஆர்டித் அம்மாளிடம் நீட்டிவிட்டார். அம்மாளுக்கு என்ன கூச்சம்? சத்தம், ஃபோர்மேன், கோழி, மே பன்னிரண்டு எல்லாவற்றையும் சொன்னார். மே பன்னிரண்டை இரண்டு முறை சொன்னார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு திடலே சிரித்தது. ஒஹாயோக் கண் டாக்டர் மட்டும் கலவரத்தோடு தன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, “அப்ப நான் வரைஞ்சிருக்கறதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்றார்.

“உங்க வீட்டுல சாயங்காலம் கோழின்னு அர்த்தம். எத்தனை மணிக்கு வரணும்?”

அதற்குப் பிறகு யாருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பாதிப் பேர் தாங்கள் வரைந்ததைத் துடைக்கத் துணி தேடினார்கள். மீதிப் பேர், அந்த அம்மாளையே தங்கள் காரில் ஒன்று வரையச் சொல்லலாமா, சொன்னால் அது அசலா நகலா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். கையேட்டைப் புரட்டினார்கள். அதில் இதற்கு விதி இல்லை.

ஹேர்ஸ்டன் இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆர்டித் அம்மாள் முன்னால் நின்றார்.

“அம்மா, பன்னெண்டு வருஷமா என் கார்ல யாரையும் கிரேயான் வைக்க விட்டதில்ல. நீங்க ஒண்ணு போடுங்க. நீங்க போட்டா அது பொய் இல்ல.”

கண் டாக்டர் தன் மஞ்சள் கிரேயானை ஓடிவந்து கொடுத்தார். அம்மாள் பிரேரியின் முன்னால் குனிந்தார். ஒரு கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே, கோடு கோடு கோடு, பின்னால் ஒரு கோடு. மூன்று நொடிகூட ஆகவில்லை. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அசல் குறி, அசல் கை. ஸ்டக்கியின் படத்தில் இருந்ததைவிட நடு விரல் கொஞ்சம் நீளம்.

யாரும் போட்டோ எடுப்பதற்குள் லீலண்ட் முன்னால் வந்தார். பின்பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவினார். ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் பானெட்டைப் பிடித்து மூடினார்.

“லீலண்ட்!” என்றார் அம்மாள்.

“பாத்துட்டேன்,” என்றார் லீலண்ட். கையில் கைக்குட்டையோடு தானே திகைத்துப்போய் நின்றார். “இந்தத் தடவ பாத்துட்டேன் ஆர்டித்.”

அம்மாள் கிரேயானை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “ஆறு மணிக்கு. லேட்டா வந்தா கிடையாது,” என்றார்.

கூட்டம் கைதட்டி ஓய்ந்து, நடுவர்கள் ஒருவழியாகத் தாள்களோடு கிளம்பினார்கள். கோப்பை யாருக்கு என்பது சாப்பாட்டுக்கு மேல்தான் தெரியும். ஸ்டக்கி மட்டும் ஹேர்ஸ்டனின் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கழுத்தில் தொங்கிய குட்டிக் கண்ணாடியைத் திருகினார், விட்டார், மறுபடி திருகினார்.

“இந்தப் பக்கமும் வெயில் ஜாஸ்திதான்யா,” என்றார் ஹேர்ஸ்டன், அவரைப் பார்க்காமல்.

ஸ்டக்கி தன் சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் வாங்கியது. மேப்பிள் பாகு பூசிய டோனட், ஹேர்ஸ்டனுக்கு மிகவும் பிடித்த வகை. கையேட்டிலிருந்து கிழித்த பதினான்காம் பக்கத்தில் சுற்றி வைத்திருந்தார். எண்ணெய் ஊறி, மூன்று விரலும் ஸ்டக்கியின் பெயரும் காகிதத்தின் மறுபக்கம் வரை தெரிந்தன. இரண்டு கையாலும் அதை ஹேர்ஸ்டனிடம் நீட்டினார்.